பெட்டி பிரிக்காத அறை

எங்கள் வீட்டுப் பின்னறையை என் அறை என்றுதான் சொல்வார்கள். ஆனால் கடந்த நான்கு வருடங்களில் பாதி நாட்கள் நான் கூடத்தில்தான் படுத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு வருடம் படிக்க வரும் பள்ளி மாணவர்கள் இங்கே ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்குகிறார்கள். பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் ஒத்துவராமல் போனால், அடுத்த வீடு கிடைக்கும்வரை அந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எங்கள் பின்னறை. வைத்துக்கொள்பவள் என் அம்மா.

அம்மா இதைத் தேடிப் போகவில்லை. அவள் சலவைக்கடை கவுன்டரில் நிற்பவள். மாணவர்களுக்கு வீடு பார்த்துத் தரும் அமைப்பின் பொறுப்பாளரான ஒரு பெண்மணி அந்தக் கடைக்குத் துணி போடுபவர். ஒருநாள் அவர் துணிப்பையோடு கூடவே, அழுது முகம் வீங்கிய ஒரு பையனையும் ஒரு பெரிய பெட்டியையும் கவுன்டர் முன்னால் நிறுத்தினார். "அக்கா, சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தச் சாயங்காலம் என்று அவர் சொல்லவில்லை. பையன் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் இருந்தான்.

"துணியைத்தான் வாங்கி வெச்சுக் குடுக்கற. இப்ப பிள்ளைங்களையுமா?" என்றார் அப்பா. அவர் லிப்ட் மெக்கானிக்.

"துணின்னா டோக்கன் குடுப்பேன். இதுக்கு அதுவும் இல்ல" என்றாள் அம்மா.

அதிலிருந்து யாருக்கு எந்த வீட்டில் மனஸ்தாபம் வந்தாலும் எங்கள் வீட்டு போன்தான் அடிக்கும். அம்மா சில விதிகள் வைத்திருந்தாள். என்ன சண்டை என்று கேட்கமாட்டாள். பழைய வீட்டைப் பற்றிக் குறை சொல்ல விடமாட்டாள். முக்கியமானது, பெட்டியைப் பிரிக்கக் கூடாது. அன்றன்றைக்கு வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடிவிட வேண்டும். அலமாரியில் அவர்களுக்கு இடம் கிடையாது.

எனக்கு இது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. ஒருமுறை சண்டையே போட்டேன். "இங்க ஒட்டிக்கிட்டா போற வீடு கசக்கும்டீ" என்றாள் அம்மா. "நான் பாதி வழி. பாதி வழியில பாய் விரிச்சா ஊர் போய்ச் சேர முடியுமா?"

இந்த வருடம் பள்ளி முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்தேன். எனக்கும் எங்காவது போய்விட வேண்டும் என்று காலில் சக்கரம் கட்டியது போல இருந்தது. அம்மாவுக்கோ நேர்மாறு. கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். நாள் முழுக்க நிற்பதால் கணுக்கால் வீங்கியிருக்கும். கறை போகவில்லை, பட்டன் உடைந்துவிட்டது, மடிப்பு சரியில்லை என்று வருகிற எல்லோரிடமும் அவள் சிரித்த முகத்தோடு பேச வேண்டும். அப்பா அதற்குக் கடைச் சிரிப்பு என்று பெயர் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தால் அந்த முகம் தானாகவே கீழே இறங்கிவிடும். இந்த முறை பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டாள், "மேடம், இதான் கடைசிப் பிள்ளை. என்னால இனிமே முடியாது."

கடைசியாக வந்தவள் பதினேழு வயதுப் பெண். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தாள். அப்பா பார்த்ததுமே, "ஒட்டடைக்குச்சி வாங்கற செலவு மிச்சம்" என்றார். அன்றிலிருந்து அவள் எங்களுக்கு ஒட்டடைக்குச்சி. அர்த்தம் சொன்னபோது அவளும் சிரித்தாள்.

இரண்டு வீடுகளில் இருந்துவிட்டு வந்திருந்தாள். இரண்டிலும் ஒரே புகார். பள்ளியிலிருந்து வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள், யாரோடும் ஒட்டுவதில்லை, திமிர். மூன்றாவது வீடும் ஒத்துவராவிட்டால் பாதி வருடத்திலேயே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்றாவது வீட்டையும் மாத முடிவுக்குள் பிடித்தாக வேண்டும்.

எங்கள் வீட்டிலும் வந்ததும் கதவைச் சாத்தினாள். அம்மா கண்டுகொள்ளவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். அதன்பிறகு அவள் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். சலவைக்கு வரும் உருப்படிகளில் அடையாளத்துக்குக் கட்டும் துணி டோக்கன்களில் கிழிந்தவற்றை அம்மா கடையிலிருந்து கொண்டுவந்து புதிதாகத் தைத்துக்கொண்டிருப்பாள். அவள் நூல் கோத்துக் கொடுப்பாள். இருவரும் பேசிக்கொள்ளமாட்டார்கள். பார்க்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும்.

நான்தான் ஒருநாள் கேட்டேன், "ஏன் கதவைச் சாத்திக்கற? கோவமா?"

அவள் நம் மொழியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். "கோவம் இல்லை. காலையிலேருந்து உங்க பேச்சு பேசறேன். கேக்கறேன். சிரிக்கறேன். சாயங்காலம் வார்த்தை இல்லை. முகம் வலிக்குது."

அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ஊருக்குப் போயிட்டா நிம்மதிதானே?" என்றேன்.

"இல்லை. எங்க அப்பா சொன்னார், 'நீ பாதியில திரும்பி வருவே'. நான் பாதியில போக மாட்டேன்."

அந்த வார இறுதியில் ஒரு கணவன் மனைவி அவளைப் பார்க்க வந்தார்கள். கூடவே பொறுப்பாளரும் வந்தார். "என்ன, பொண்ணு பாக்கற வைபவமா?" என்று அப்பா சமையலறையில் முணுமுணுத்தார். நல்ல மனிதர்கள்தான். இரண்டு சின்னக் குழந்தைகள் அவர்களுக்கு. வாய் ஓயாமல் பேசினார்கள். ஒட்டடைக்குச்சி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். பொறுப்பாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க, எவ்வளவு கலகலப்பா இருக்கா! பசங்களோட நல்லா ஒட்டிக்குவா" என்றார்.

அம்மா டம்ளர்களை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "ஒண்ணு சொல்லணும்" என்றாள். "ஸ்கூல்லேருந்து வந்ததும் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கும். தட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது. அது தெரிஞ்சு கூட்டிட்டுப் போங்க."

பொறுப்பாளர் கண்ணாலேயே அடக்கப் பார்த்தார். வந்திருந்த பெண்மணி திகைத்துப்போய், "கதவைச் சாத்திக்கிட்டா நாங்க என்னன்னு நெனைக்கறது?" என்றார்.

"அசந்து தூங்குதுன்னு நெனைங்க."

"பசங்க விளையாடக் கூப்பிடுவாங்களே. நாங்க அதுக்காகத்தானே..." என்று இழுத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். யோசிக்கப்போவதில்லை என்று எல்லோருக்குமே தெரிந்தது.

வாசலில் பொறுப்பாளர் பொரிந்து தள்ளினார். "என்னக்கா, கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுட்டீங்களே! மூணாவதும் போனா டிக்கெட்தான். சரி, நீங்களே வருஷ முடிவு வரைக்கும் வெச்சுக்கங்க."

"முடியாது மேடம்."

"அப்பறம் ஏன் வாயைத் திறந்தீங்க?"

அம்மா திரும்பி நடந்தாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போனதும் கேட்டேன், "சும்மா இருந்திருந்தா அவ போயிருப்பாளே?"

"போயிருக்கும். ரெண்டு மாசத்துல பெட்டியோட திரும்பியும் வந்திருக்கும். அப்ப டிக்கெட் போட மாட்டாங்களா?" அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "நானே வெச்சுக்கணும்னு மட்டும் சொல்லாதடீ. அது முகத்தைப் பாத்தா என் முகம் மாதிரியே இருக்கு. ரெண்டு பேரை நான் தூக்கிச் சுமக்க முடியாது."

ஒட்டடைக்குச்சி அறைவாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, நான் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பேக்கரிக்காரர் மனைவி ஒரு மூட்டை வெள்ளை ஏப்ரன்களோடு கடைக்கு வந்தார். அவரும் கணவரும் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டுகிறவர்கள், மத்தியானமே கடையைக் கட்டிவிடுகிறவர்கள். அம்மா ஏப்ரன்களை எண்ணாமல் அவரையே பார்த்தாள்.

"உன் வீட்டுல மகன் ரூம் சும்மாதானே கெடக்கு?"

"சும்மாவா? மாவு மூட்டை அடுக்கியிருக்கேன். ஏன், நீ குடி வரப்போறியா?"

"ஒரு பொண்ணு இருக்கு. வெளிநாட்டுப் பிள்ளை. வருஷ முடிவு வரைக்கும்."

"போடி! மத்தியானம் ஆனா நாங்க ரெண்டு பேரும் கட்டையாக் கெடப்போம். பிள்ளைக்கு யாரு பேச்சுத் துணை?"

"வேண்டாம். பேசாத வீடுதான் தேடிட்டிருக்கேன். நீங்க முழிச்சா அதுவும் முழிச்சுக்கும். அப்பறம் பேசும்."

"சாப்பாடு?"

"நாம சாப்பிடறதைச் சாப்பிடும்."

"அப்ப நாங்க தூங்கறப்ப உருட்டாது, பாட்டுப் போடாது, கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கும். அப்படித்தானே?" அவர் சத்தமாகச் சிரித்தார். "இவ்வளவு நல்ல பிள்ளையை யாரு துரத்திவிட்டா?"

அந்த மாதக் கடைசியில் மாவு மூட்டைகள் பேக்கரிக்கு இடம் மாறின. பொறுப்பாளர் வந்து அந்த வீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அம்மாவிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்பும்போது ஒட்டடைக்குச்சி நிலைப்படியில் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டாள். அம்மா அந்த இடத்தைத் தேய்த்துவிட்டாள். கடைசியில், "அங்க போய் பெட்டியைப் பிரி. எல்லாத்தையும் எடுத்து அடுக்கு" என்றாள்.

பிறகு போன் அடிக்கவில்லை. பொறுப்பாளர் துணி போட வேறு கடையைப் பிடித்துவிட்டார். "நான்தான் வேண்டாம்னேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேக்கலாமில்ல" என்றாள் அம்மா ஒருநாள். என் அறை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

நேற்று சாயங்காலம் அம்மா கடையிலிருந்து வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். நான் கட்டிலில் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தேன். "கொஞ்சம் வெளிய இருக்கியாடீ" என்றாள். நான் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அப்பா வேலையிலிருந்து வந்து சாத்திய கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "என்னம்மா, யார் மேல கோவம்?" என்று கேட்டபடியே தட்டப் போனார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "கோவம் இல்லப்பா. ஒரு மணி நேரம் விடுங்க."