மூன்றாவது பல்பு

என் பிள்ளைகளே, என் அண்ணன், உங்கள் பெரியப்பா, நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பெரியப்பா ஆழ்வார்திருநகரியில் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தூத்துக்குடிக்கு வந்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் பட்டறையில் தொழில் படித்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றினார்கள். எழுபதுகளில் முத்தையாபுரம் பக்கம் ஓர் உப்பு ஆலையில் எலக்ட்ரீசியன். நான் அங்கேயே மூட்டை எடை போடுபவன்.

அரைத்த உப்பைக் கொண்டுபோக அங்கே நீளமான பெல்ட் ஒன்று உண்டு. ஒரு வாரமாக, முற்பகலுக்கு மேல் அது நின்று நின்று ஓடியது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார்கள், ஸ்டார்ட்டரை மாற்றினார்கள், பலனில்லை. நின்றால் திரும்பச் சுவிட்ச் போட்டு ஓட்டும் சூசை அண்ணன்தான் வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்று மேனேஜர் முடிவுகட்டினார். "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா சூசைக்கு நாளைக்கு வேலை இல்ல."

பெரியப்பா மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடில்லை. "மோட்டாருக்கு நோவு இல்ல சார். நில்லுன்னு எங்கன இருந்தோ உத்தரவு வருது."

பெல்ட் ஓரமாக ஓர் அவசரக் கயிறு போகும். யாராவது சிக்கிக்கொண்டால் அதை இழுத்து நிறுத்தலாம். அந்தக் கயிற்றோடு ஐந்து சுவிட்ச்சுகள். கரண்ட் ஒவ்வொன்றாகக் கடந்து போகவேண்டும்; ஒன்று விட்டாலும் பெல்ட் நின்றுவிடும். பெரியப்பா ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் ஒரு பல்பு வைத்து, ஐந்தையும் ஸ்டார்ட்டர் அருகே வரிசையாகக் கட்டினார்கள். எந்தச் சுவிட்ச் விடுகிறதோ, அதன் பல்பிலிருந்து கடைசிப் பல்புவரை அணையும்.

"என்ன அண்ணாச்சி, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கெடக்கே. அதுக்குள்ள விளக்குக் கட்டுதிய!" என்றார் சூசை அண்ணன். வேலை போகப்போகிற மனிதர் பேசுகிற பேச்சு!

"ஏலே, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டு நில்லு. மேனேஜர் பாக்கட்டும்."

கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று எழும்பியது. பெல்ட் நின்றது. சூசை அண்ணன் கைகள் தலைக்கு மேலேயே இருந்தன. மூன்றாவது பல்பும் அதற்கு அடுத்தவையும் அணைந்து, உடனே எரிந்தன. சுவிட்ச் அந்த நொடியிலேயே திரும்பச் சேர்ந்துவிடுவதால்தான் இத்தனை நாள் யாரிடமும் பிடிபடவில்லை.

பெரியப்பா முன்னால் ஓடினார்கள். நான் பின்னால். மூன்றாவது சுவிட்ச் பக்கத்தில், கயிற்றில் ஒரு தூக்குச்சட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பெரியம்மா கொடுத்துவிட்ட கஞ்சி! எறும்புக்குப் பயந்து ஒரு வாரமாகப் பெரியப்பாவே மாட்டி வந்தது.

மேனேஜர் வந்துசேர நேரம் இருந்தது. கழற்றி உப்புக் குவியலுக்குப் பின்னால் வைத்திருக்கலாம். பெரியப்பா அதைத் தொடவில்லை.

"சார், இது என் கஞ்சி. கயிறு தொய்வா இருக்கு, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன். காத்துல ஆடும்னு தோணல. யாரையாவது நிறுத்தணும்னா என்னை நிறுத்துங்க. சூசை மேல குத்தம் இல்ல."

மேனேஜர் சட்டியைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். தானே அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "இனிமே இதை என் ரூம்ல வையும்யா."

சூசை அண்ணன் அப்போதுதான் கைகளை இறக்கினார். "அட அண்ணாச்சி! என் வேலைக்கு உலை வச்சது உம்ம கஞ்சிதானா!" என்று பெரியப்பாவை அப்படியே தூக்கிச் சுற்றினார். ஆலையே கைதட்டியது. அன்று பொழுது சாயும்வரை பெல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை.

பெரியப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது மருந்து வாங்கித் தந்த ஆலைத் தோழர்களுக்கும், தோள்கொடுத்த தெருக்காரர்களுக்கும் நன்றி. தினமும் கஞ்சி கொண்டுவந்தவர் சூசை அண்ணன். "மாட்டுறதுக்குக் கயிறு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே வருவார். பேச முடியாத அன்றும் பெரியப்பா சிரித்தார்கள்.

பிள்ளைகளே, இன்றைய பந்தியில் முதல் இலை சூசை அண்ணனுக்குப் போடுங்கள்.