முடியல, கிளம்பி வா

இங்கே தொலைபேசி மணி அடித்தால் யாருடைய முகமும் மாறுவதில்லை. கனடாவில் நான் வேலைக்குச் சேர்ந்த கால்நடை மருத்துவமனையில் கண்ட முதல் அதிசயம் அதுதான். வரவேற்பு மேசையில் என் பக்கத்தில் உட்காரும் லிண்டா, வாயில் பாதி ரொட்டியோடு போனை எடுப்பாள். பேசி முடித்துவிட்டு மீதியைத் தின்பாள். நானோ மணி அடித்ததுமே எழுந்து, கழுவ வேண்டிய நாய்க்கூண்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் போய்விடுவேன். உள்ளங்கை வேர்த்துவிடும். ஆங்கிலம் சரியாக வராததால் பயப்படுகிறேன் என்று லிண்டா நினைத்தாள். நேரில் வருகிறவர்களிடம் அதே ஆங்கிலத்தில் நான் வாயடிப்பதை அவள் ஏனோ கவனிக்கவில்லை. என்னை ஆட்டிவைத்தது அந்த மணிச்சத்தம்தான்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மளிகைக்கடைக்காரர் வீட்டு நம்பரைத்தான் உறவுக்காரர்கள் எல்லாரிடமும் கொடுத்து வைத்திருந்தோம். கல்யாணம், ஞானஸ்நானம், பரீட்சையில் பாஸ் எல்லாம் கடிதத்தில் வரும். போன் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். மளிகைக்கடைக்காரர் மனைவி வாசலில் வந்து, "ஏத்தா, ஒங்களுக்குப் போன் வந்திருக்கு" என்று சொன்னால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அப்புறம் எப்படியும் சமைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் போனில் யாரும் இறந்துவிட்டார் என்று சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் முடியல, கிளம்பி வாங்க" என்பார்கள். கேட்கிறவரும் துருவிக் கேட்க மாட்டார். "சரி, வாரேன்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. தனியாக நிற்கிறவர் காதில் அந்த வார்த்தையைப் போட்டுவிடக் கூடாது, உறவு கூடி நிற்கும் இடத்துக்கு வந்தபின் தெரிந்துகொள்ளட்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

நான் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது எனக்கும் அப்படி ஒரு போன் வந்தது. வார்டன் சிஸ்டர் அறையில் நின்றபடி எடுத்தேன். மாமா பேசினார். "ஸ்டெல்லா, அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலம்மா. கிளம்பி வா." அப்பா வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். முதல் நாள் காலைகூட மில் பஸ் ஏறிப் போனவர். ஊரில் மற்றவர்களுக்கு அந்த வாக்கியம் வந்தபோதெல்லாம் அர்த்தம் புரிந்த எனக்கு, என் அப்பாவுக்கென்று வந்தபோது மட்டும் புரியவில்லை. பஸ் நிலையத்தில் சாத்துக்குடி வாங்கினேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே, சாறு கொடுக்கலாமா கூடாதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் தெருவில் திரும்பியதும் வரிசையாக பெஞ்சு போட்டு ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பையை யார் என் கையிலிருந்து வாங்கினார்கள் என்பது நினைவில்லை. அன்றிலிருந்து எந்த ஊரில், எந்த போன் அடித்தாலும் எனக்கு அந்த பெஞ்சுகள்தான் கண்ணில் வந்து நிற்கும்.

கல்யாணமாகிக் கனடா வந்தபின், கணவருக்கு வேலை கிடைக்காத நாட்களில் என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. லிண்டா விடுப்பில் போயிருந்த ஒரு நாள், டஃபி என்ற கிழட்டு நாய் அறுவைச் சிகிச்சையின்போதே இறந்துபோனது. கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்த டாக்டர், "ஹாரிஸுக்கு போன் பண்ணிச் சொல்லிவிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பூனையைப் பார்க்கப் போய்விட்டார். ஹாரிஸ் தனியாக வாழும் வயதானவர். அவருக்கு இருந்த துணை அந்த நாய் மட்டும்தான். எண்களை அழுத்தும்போதே என் விரல் வழுக்கியது. அவர் எடுத்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "டஃபிக்குக் கொஞ்சம் முடியவில்லை. உடனே கிளம்பி வாருங்கள்."

செய்தியைச் சொல்லிவிட்டேன் என்றே மனதார நம்பினேன். அழுதுகொண்டு வருவாரே என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர்கூட எடுத்து வைத்தேன். அவர் வந்தபோது ஒரு கையில் டஃபியின் போர்வையும் மறு கையில் ரப்பர் பந்தும் இருந்தன.

"கண் விழித்துவிட்டானா?" என்று கேட்டார்.

"போனில் சொன்னேனே" என்றேன்.

"முடியவில்லை என்றுதானே சொன்னாய்?"

என் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். "காரில் வழியெல்லாம் அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தேன்" என்றார். கத்தியிருந்தால் தேவலை. பந்தை என் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வாங்கிப் போன சாத்துக்குடிதான் எனக்கு ஞாபகம் வந்தது. மாலையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். பொய் இல்லை, எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம் என்றேன். இன்னொரு முறை நடந்தால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது என்றார்.

அதற்குப் பிறகு லிண்டா எனக்கு வாத்தியார் ஆனாள். மதிய இடைவேளையில் அவள் பின்னறையில் இருக்கும் போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் முன்னறையிலிருந்து கூப்பிட்டு, அவளுடைய இல்லாத பூனை இறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். உன் பெயரைச் சொல், வருந்துகிறேன் என்று சொல், அடுத்த மூச்சில் விஷயத்தைச் சொல் என்பது பாடம். நான் மறுபடி மறுபடி "பூனைக்கு முடியவில்லை" என்பதிலேயே வந்து நின்றேன். "முடியவில்லை என்றால் டாக்டரிடம் கொண்டுபோவேன். டாக்டரிடம்தானே விட்டிருக்கிறேன்?" என்பாள் லிண்டா. எழுந்து நின்று, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினால் குரல் நடுங்குவதில்லை என்று மெல்லக் கண்டுபிடித்தேன். வேர்ப்பது நிற்கவில்லை, வேர்த்த கையோடு பேசப் பழகிவிட்டேன். வேலை நிரந்தரமானது. போகப் போக அந்த மாதிரி போன்களெல்லாம் என் தலையிலேயே விழுந்தன. சுற்றி வளைக்காமல் சொன்னதற்காக நன்றி சொன்னவர்களும் உண்டு. உள்ளூர எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சில வருடம் கழித்து ஒரு நாள் காலை அதே மேசையில் போன் அடித்தது. என் தம்பி சேவியர். வேலை செய்யும் இடத்துக்கு அவன் அதுவரை கூப்பிட்டதே இல்லை.

"அக்கா, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலக்கா. கிளம்பி வா."

இருக்கிறார்களா இல்லையா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேசை விளிம்பைக்கூடப் பிடித்துவிட்டேன். "சரிப்பா, வாரேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். தம்பி சொன்னதை லிண்டாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அம்மா உயிரோடு இருக்கிறார்களா?" என்று லிண்டா கேட்டாள்.

"கேட்கவில்லை" என்றேன். இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீண் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் விமானம் மாறும் இடத்தில் அம்மாவின் முழங்காலுக்குப் போட ஒரு கம்பளி உறை வாங்கினேன்.

நாகல் நகர் வீட்டில் அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். அழுது ஓய்ந்த நேரத்தில் சேவியர் பக்கத்தில் வந்தான். "பழனி சித்திக்கு இன்னும் சொல்லலக்கா. போன மாசந்தான் நெஞ்சுவலி வந்து பிழைச்சாங்க. நேத்தே சொன்னா ராவெல்லாம் தனியாக் கிடந்து அழுவாங்கன்னு விட்டுட்டோம். சாயங்காலம் எடுக்கணும். நீ போன்லயே வேலை பாக்குறவ, பக்குவமா நீயே சொல்லிரு." அம்மாவின் ஒரே தங்கை அவள், பழனியில் தனியாக இருக்கிறாள்.

எழுந்து நின்று, போன் வைத்திருந்த அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெயர், வருத்தம், விஷயம்.

"சித்தி, ஸ்டெல்லா பேசுறேன்" என்றேன். அந்த அடுத்த மூச்சு வரவே இல்லை. "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல சித்தி. கிளம்பி வாங்க."

"நீ எங்கிருந்து கண்ணு பேசுற?"

"நம்ம வீட்டுல இருந்துதான்."

கனடாவில் இருக்கிறவள் வீட்டிலிருந்து பேசுகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று சித்திக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. "சரி கண்ணு, இந்தா கிளம்பிட்டேன்" என்றாள். "அக்காவுக்குச் சாத்துக்குடி வாங்கியாரேன்."

போனை வைத்தேன். சேவியர் எதிரில் நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன்" என்றேன். லிண்டா கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.