கடைமடைக்குத் தண்ணீர் ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை

சரோஜா, குமாரு, உத்திரமேரூர் பக்கம் போய்விட்டு வந்ததை எழுதிக் கொடுங்கள் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். உங்கள் அப்பா எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. அங்கே தண்ணீர்த் தகராறு இன்னும் தீரவில்லை. நம்மால் ஒன்று புதிதாகக் கிளம்ப வேண்டாம்.

பங்குனி மாதம், சனிக்கிழமை. அரை ஷிப்ட் முடிந்து நானும் ஏகாம்பரமும் தாம்பரத்தில் பஸ் ஏறினோம். ஏகாம்பரத்தை உங்களுக்குத் தெரியும், கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின்காரர். அந்த வாரம் அவர் காலில் இரும்புப் பட்டை விழுந்து பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முறை. ஏரிக் கால்வாயின் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். "நீதான் தெனம் காலீல கிரவுண்டுல ஓடறியே, எனக்கோசரம் ஒரு நாள் எங்க ஊர்ல ஓடு" என்றார். கம்பெனி டாக்டர் இரத்த அழுத்தம் என்று சொன்னதிலிருந்து நான் ஓடுவதும், தெரு நாய்கள் எனக்குப் பின்னால் ஓடுவதும் நீங்கள் பார்த்ததுதானே. என் ஓட்டத்தையும் ஒருவர் நம்பிக் கேட்டாரே என்று உடனே சரி என்றேன்.

செங்கல்பட்டில் பஸ் மாறினோம். அங்கிருந்து உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிக்கெட் இரண்டேகால் ரூபாய். கண்டக்டர் ஏகாம்பரத்தின் காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "காலை உள்ள இஸ்துக்கோப்பா. எவனாவது மிதிப்பான், நீ என்னைத் திட்டுவ" என்றார். பாலாற்றுப் பாலத்தில் எட்டிப் பார்த்தேன். மணலுக்கு நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். உத்திரமேரூரில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் நாற்பது காசு கொடுத்து ஊர் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

ஏகாம்பரத்தின் மனைவி குப்பம்மா. இவர் சென்னையில் வேலை பார்க்க, ஊரில் ஒன்றேகால் ஏக்கரைப் பயிர் வைத்துக் காப்பாற்றுகிறவள் அவள். கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஓட்றதுக்கு ஆள் இட்டாறேன்னு சொன்னாரு. நான் இன்னாவோ ஒல்லியா ஒருத்தர் வருவாருன்னு நெனச்சேன்" என்றாள். ஏகாம்பரம் சிரித்ததில் குழம்பு புரையேறியது.

சாப்பிட்டபின் விஷயத்தைச் சொன்னார்கள். கதிர் பால் பிடிக்கிற சமயம். இந்தத் தண்ணீர் கிடைக்காவிட்டால் அத்தனையும் பதர். ஏரியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதால் அடுத்த முறை உண்டா என்பதே சந்தேகம். கடைமடையில் மொத்தம் ஒன்பது வீட்டுக்காரர்களின் நிலம். முறை நாளில் நீர்க்கட்டி, அதாவது ஏரி மதகைத் திறந்து மூடுகிற ஆள், விடிந்ததும் திறந்து பொழுது சாய்ந்ததும் மூடிவிடுவார். மதகிலிருந்து கடைமடை வரை மூன்று கிலோமீட்டர் கால்வாய். வழியில் மேல்மடைக்காரர்களின் வயலுக்குத் திறப்புகள் இருக்கின்றன, மடை என்பார்கள். முறைக்கு ஒரு வீட்டு ஆள் ஓடி அத்தனை மடையையும் அடைத்துத் தண்ணீரைக் கீழே கொண்டுவர வேண்டும். சைக்கிள் போகாதா என்று கேட்டேன். கரை ஒற்றையடி, அதுவும் முள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மதகில் நின்றேன். தண்ணீர் பொங்கி வந்ததும் ஓட ஆரம்பித்தேன். மடை, சேறு, ஒரு பிடி வைக்கோல், நாலு மிதி. அடுத்த மடை. தொழிற்சாலையில் நாங்கள் அப்படித்தான். காலையில் விழுந்தடித்துக் கணக்கை முடித்துவிட்டால் மத்தியானம் டீ குடித்துக்கொண்டு நிற்கலாம். எட்டு மணிக்கெல்லாம் கடைசி மடையையும் அடைத்துவிட்டு, ஏகாம்பரத்தின் வரப்பில் போய் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. கால்வாயில் ஒரு ஓணான்தான் வந்தது.

பதினோரு மணிக்குக் குப்பம்மா கூழ்ப் பானையோடு வந்தாள். கால்வாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா குந்திக்கினு கீற? மாலை போட ஆள் வர்லியா?"

"எல்லா மடையும் அடைச்சிட்டேம்மா. தண்ணிதான் காணோம்."

"அடைச்ச சரி. அடைச்சிட்டு திரும்பிப் பாத்தியா?"

கூழை அப்படியே வரப்பில் வைத்தாள். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மேலே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பாதி வழியில் விஷயம் தெரிந்தது. நான் அடைத்த மடைகள் ஒன்று விட்டு ஒன்று திறந்து கிடந்தன. தண்ணீர் அங்கேயே மேல்மடை வயல்களில் சாவகாசமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. ஒரு வயலின் ஓரத்தில் தலைப்பாகைப் பெரியவர் ஒருவர் சும்மா நின்றிருந்தார்.

"மாமா, இது இன்னா நாயம்? இன்னிக்கு எங்க மொறை."

"நான் இன்னாம்மா பண்றது? பயிர் தண்ணி கேட்டுச்சி."

"உம் பயிருக்கு வாய் வேற கீதா? மொதல்ல அதை அடைக்கிறேன் இரு."

பெரியவர் பல் தெரியச் சிரித்தார். அவள் மடையை அடைக்கிறபோது தடுக்கவில்லை. ஒரு மண்கட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஓடிக்கொண்டே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆள் பாக்கசொல்ல எவனும் தொறக்க மாட்டாண்ணா. மானம் போயிடும். ஆளு அந்தாண்ட போயி திரும்பலன்னா தொறப்பான். அதான் மேலயும் கீழயும் ஓடிக்கினே இருக்கணும். நம்ம தலை தெரிஞ்சிக்கினே இருக்கணும்."

அந்த ஊரில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் முதல் நாள் ராத்திரி எனக்கும் யாரும் சொல்லவில்லை. அடைப்பதற்காக அல்ல, கண்ணில் படுவதற்காக ஓடுகிற ஓட்டம் அது. பூட்டு இல்லை, காவல் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் முகத்துக்கு நேராக ஏமாற்றக் கூடாது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஏரித் தண்ணீரைப் பங்கு போடுகிறார்கள்! முதுகுக்குப் பின்னால் ஏமாற்றலாம் போலிருக்கிறது. இது நல்ல வழக்கமா கெட்ட வழக்கமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். முடிவுக்கு வர முடியவில்லை. நீங்கள் பெரியவர்களானதும் சொல்லுங்கள்.

மத்தியானம் முழுக்க ஓடினோம். அவள் மேல்பாதி, நான் கீழ்ப்பாதி. நடுவில் சந்தித்தால் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவோம். முதலில் நான் கிரவுண்டில் ஓடுகிற மாதிரியே ஓடினேன். இரண்டாவது சந்திப்பில் எனக்குப் பேச்சு வரவில்லை.

"பேச்சு வராத ஓட்டம் இன்னா ஓட்டம்ணா? பொழுது சாயிற வரைக்கும் ஓடணும். மெல்ல வா."

மெல்ல ஓடிப் பார்த்தேன். நடையை விடக் கொஞ்சம்தான் அதிகம். வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் நாலு மணிக்கும் கால் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளே, அன்றைக்கு ஓடிய அளவு என் வாழ்நாளில் ஓடியதில்லை. நெஞ்சு படபடக்கவில்லை, தலை சுற்றவில்லை. கரையில் யாரைக் கடந்தாலும், "சென்னை ஆளா? இன்னும் கீழ உழலியா?" என்று விசாரித்தார்கள். இல்லை என்று சொல்வதற்காகவே இன்னொரு தரம் போய் வந்தேன்.

தண்ணீர் கடைமடைக்கு வந்தபோது மணி மூன்று இருக்கும். நுரையும் சருகுமாகத் தயங்கித் தயங்கி வந்தது. முதலில் மற்ற எட்டு வீட்டு வயல்களுக்குப் பாய்ந்தது. ஓடுகிற வீட்டுக்குக் கடைசிப் பங்கு, அதுதான் முறையாம். ஏகாம்பரத்தின் நிலத்தில் பாதி நனைந்திருந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மதகை மூடிவிட்டார்கள். கால்வாயில் மிச்சமிருந்த தண்ணீர் மெதுவாக வடிந்து நின்றது.

நான் காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்காவிட்டால் மீதிப் பாதியும் நனைந்திருக்கும். ஏகாம்பரம் நொண்டிக்கொண்டே வந்து வரப்பில் நின்று பார்த்தார். "பாதி தேறும். போன வருசம் இதுவும் இல்ல" என்றார். குப்பம்மா, "வுடுய்யா, அண்ணன் கால் இன்னிக்குத் தூங்கட்டும்" என்றாள். அன்று ராத்திரி படுத்ததுதான் தெரியும். மாத்திரையைப் போட மறந்தேன். இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

திங்கட்கிழமை எல்லோரும் தூங்கும்போதே எழுந்து முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். ரோடு அவர்கள் நிலத்தை ஒட்டித்தான் போகிறது. ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வரப்பில் இறங்கினேன். நனைந்த பாதியில் எங்கேயோ களகளவென்று சத்தம். குனிந்து தேடினேன். வரப்பின் அடியில் ஒரு நண்டு வளை. அதன் வழியாகத் தண்ணீர் அந்தப் பக்கத்து ஓடைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ தெரியாது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையால் சேற்றை அள்ளித் திணித்து, குதிகாலால் மிதித்தேன். கலங்கலாக ஒழுகியது. மறுபடி அள்ளித் திணித்தேன். நூலாக ஒழுகியது.

பஸ் ஹாரன் கேட்டது. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஒழுகுவது நிற்கும் வரை வளையின் மேல் குதிகாலை அழுத்திக்கொண்டு நின்றேன்.