குறுக்கே ஓடிய ரத்தக்குழாய்

ஆறாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா ஒரே இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வங்காளமும் ஆங்கிலமும் கலந்து நிதானமாக விளக்கினார். தொப்புள்கொடிக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய ரத்தக்குழாய் ஒன்று, நஞ்சுக்கொடியைச் சேருவதற்கு முன்பே வெளியே வந்து, பனிக்குடத்தின் மெல்லிய சவ்வில் ஓடுகிறது. அதுவும் கருப்பை வாயின் குறுக்கே. பனிக்குடம் உடைந்தால் அதுவும் அறுந்துபோகலாம். அப்போது வெளியேறுவது குழந்தையின் ரத்தம்.

"அபூர்வமா வர்றது. ஆனா முன்னாடியே தெரிஞ்சுபோச்சே, அது நல்லது. வலி வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டோம்" என்றார்.

எட்டாம் மாதம் தொடங்கியதும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எனக்கோ ஒரு வலியும் இல்லை. துணைக்குத் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளி ஆசிரியை; அவளுக்கு நஞ்சுக்கொடி கருப்பை வாய்வரை கீழே இறங்கியிருந்தது. அவளுக்குத் துணையிருந்த மாமியாருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. இருவரும் தினமும் மீனைப் பற்றியே பேசினார்கள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"கடுகை அரைச்சு ஊத்துதாங்களாம், புளியே கிடையாதாம். பாவம், யாரும் சொல்லிக்கொடுக்கல போல."

ஒரு மதியம் தூக்கம் கலைந்தபோது படுக்கை நனைந்திருந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டதென்றே நினைத்தேன். மணியை அழுத்தினேன். நர்ஸ்கள் ஓடி வந்தார்கள், பின்னாலேயே டாக்டரம்மாவும். வயிற்றில் பட்டையைக் கட்டியதும் குழந்தையின் இதயத்துடிப்பு குதிரை ஓட்டமாகக் கேட்டது. ரத்தம் ஒரு துளியும் இல்லை. அம்மா மெதுவாக, "ஏட்டி, தலைமாட்டுல இளநிய வச்சிருந்தேன், சாஞ்சிட்டு போல" என்றாள்.

வார்டே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் என் கையைப் பிடித்து, "அடுத்த தடவையும் இதே மாதிரி உடனே கூப்பிடணும்" என்றார். சிரித்துக்கொண்டே நான் அழுதேன்.

குழந்தையின் நுரையீரல் பலப்பட ஊசி போட்டு, நாள் நிறையும் முன்பே சிசேரியன் செய்தார்கள். சின்ன உடம்பு, பெரிய குரல். பெண். சில நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

என் கணவர் துறைமுகத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். டாக்டரம்மா எடுத்துக் காட்டிய நஞ்சுக்கொடியின் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ முக்கியமான லைன், மேல ஒரு இன்சுலேஷன்கூட இல்லையே" என்றார்.

"வயரிங்க அப்புறம் பாக்கலாம் மாப்ள," என்றாள் அம்மா. "பிள்ளையக் கையில வாங்குங்க."