மேரி மறைத்த மங்குப் பால்

பழைய மோட்டார் சைக்கிளை ரிப்பேர் செய்வது கோபித்துக்கொண்ட மாமனாரை விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி. எல்லாம் செய்து முடித்த பிறகும், கிளம்புவதா வேண்டாமா என்று அதுதான் முடிவு பண்ணும். ஓடாத வண்டியைத் துடைத்துத் துடைத்து மனைவியிடம் ஏச்சு வாங்கும் என் இனத்தாரே, லாபுவில் என் பட்டறைக்கு வந்த ஒரு மோட்டாரின் கதையைக் கேளுங்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். குறைத்துச் சொல்லும் கெட்ட பழக்கம் எனக்கில்லை.

பாரோய் தீர்ப்பு

ரப்பர் தோட்டத்து அந்தோணி ஒரு இங்கிலீஷ் மோட்டாரை லாரியில் கொண்டு வந்து இறக்கினார். மனைவி மேரியைக் கட்டிய அன்று மாதா கோவிலிலிருந்து வீட்டுக்கு ஏற்றிப்போன வண்டி. வருகிற சனிக்கிழமை மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். அம்மா உட்கார்ந்த வண்டியில்தான் கோவிலுக்குப் போவேன் என்று ஒரே அடம். ஸ்டார்ட் ஆகிறது, கோவில் மேட்டில் பாதி ஏறியதும் இருமிப் படுத்துவிடுகிறது. பாரோயில் பட்டறை வைத்திருக்கும் ஆ சோங், இஞ்சின் செத்துவிட்டது என்று கையைக் கழுவிவிட்டார்.

"மேடு ஏறலைன்னா மீசையை எடுத்துடறேன்" என்றேன். சாதாரண மீசை இல்லை. மழை பெய்தால் பட்டறைப் பூனை அதன் கீழேதான் ஒதுங்கும். சேதி காதுக்கு எட்டியதும் ஆ சோங் நேரிலேயே வந்துவிட்டார். சீனர்தான், ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் தண்ணீராய் ஓடும், வாலில் ஒரு 'லா' மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

"முத்து, சவரக்கத்தி நான் கொண்டு வர்றேன் லா. உனக்காகப் புதுசே வாங்கறேன்!"

உதை

முதல் வேலையாகக் கிக்கரை மிதித்தேன். அது திருப்பி மிதித்தது. நான் தகரக் கூரைக்கு மேலே போய், கெமாஸ் பக்கம் போகும் ரயிலைப் பார்த்துவிட்டு, ரம்புத்தான் பழ மரம் வழியாகத் தரைக்கு வந்தேன். செத்த இஞ்சின் இப்படி உதைக்குமா? சந்தோஷத்தில் நொண்டிக்கொண்டே போய் அந்தோணியைக் கட்டிப்பிடித்தேன்.

அந்தோணி என் வெறுங்கையைப் பார்த்தார். "அவ்வளவு தூரம் போன நீங்க, அண்ணே, ஒரு கொத்து பறிச்சிட்டு இறங்கியிருக்கலாமே."

சூயிங்கம்

ஆனாலும் வண்டி மேட்டில் படுத்துக்கொண்டேதான் இருந்தது. கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே சூயிங்கம் மாதிரி ஒரு பிசின். மோந்து பார்த்தேன். தோட்டத்தில் பிறந்த மூக்கு ஏமாறுமா? கித்தா, ரப்பர் மரத்துப் பால்! டார்ச் அடித்து டேங்கிக்குள் பார்த்தால், அடியில் ஒரு ஓட்டை. அதை யாரோ உள்ளேயிருந்து கித்தாப் பால் ஊற்றி அடைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் காலில் போடும் கிழிந்த சப்பாத்து, ஒழுகுகிற வாளி எல்லாவற்றுக்கும் அந்தப் பாலைத்தானே பூசுவார்கள். ஆனால் பெட்ரோல் கித்தாவைக் கரைத்துவிடும் ஐயா!

நான் இல்லை என்று அந்தோணி மாதா மேல் சத்தியம் செய்தார். கல்யாணமான சில நாளிலேயே வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, கொட்டகைக்குப் போனது என்று மட்டும் சொன்னார். வீட்டிலிருந்து பட்டறைக்குத் தேநீர் கொண்டு வந்த மேரி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"என் கல்யாணச் சேலையெல்லாம் பெட்ரோல் சொட்டிப்போச்சுண்ணே. இவரு வெளியே போன நேரமாப் பார்த்து டேங்கியைக் காலி பண்ணி, மரத்துல பால் பிடிக்கக் கட்டுற மங்குல ஒரு மங்குப் பாலை ஊத்திக் காய வச்சேன். மோட்டாரைத் தொட்டேன்னு தெரிஞ்சா, இந்த மனுஷன் என்னைத்தான் கொட்டகையில போட்டிருப்பாரு!"

கோவில் மேடு

டேங்கியைச் சுரண்டி, ஓட்டையைப் பித்தளை வைத்து அடைத்தேன். சனிக்கிழமை காலை நல்ல மழை. பூ ஜோடித்த வாடகைக் கார், மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது செம்மண்ணில் புதைந்துகொண்டது. கோவில் வாசலில் ஆ சோங் கத்தியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தோணி ஓட்ட, பின்னால் ஸ்டெல்லா. பாதி மேட்டில் வண்டி இருமியது. என் கை தானாக மீசைக்குப் போனது. அந்தோணிக்குக் கண் கலங்கி கியர் மாற்ற மறந்துவிட்டது, அவ்வளவுதான். "அப்பா, கியர்!" என்று ஸ்டெல்லா முதுகில் ஒரு குத்து விட்டாள். வண்டி போட்ட உறுமலில் கோவில் மணி தானாக அடித்தது. செம்பனைக் குலைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. புதைந்த காரைத் தாண்டி, மேரியின் முன்னால் வந்து நின்றது. மேரி முதலில் மகளைப் பார்க்கவில்லை, மகளின் வெள்ளைச் சேலை ஓரத்தைத்தான் தூக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டுப் பெட்ரோல் கறை இல்லை!

ஆ சோங் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, மாப்பிள்ளை தாடியோட நிக்கிறாரு. அவருக்கே குடுத்துடறேன் லா."

மீசை பிழைத்தது, மோட்டார் பிழைத்தது. மேரி தேநீர் கொண்டு வந்தால் மட்டும், அது கோப்பையா மங்கா என்று பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்.