யாரும் இறங்காத ஸ்டாப்பு

"இந்த லைன்ல யாருமே எறங்காத ஸ்டாப்பு எது தம்பி? அதுக்கு மூணு டிக்கெட் கிழி."

மலாயாவின் அலோர் காஜா பஸ்ஸில் ஏறியதும் பெரியநாயகி கேட்கிற முதல் கேள்வி இதுதான். கண்டக்டர் சிரித்தால் அவள் கோபித்துக்கொள்வதில்லை. நீட்டிய கையை மடக்காமல் நிற்பாள். சிரிப்பு அடங்கியதும், "சிரிச்சிட்டியா? இப்பக் கிழி" என்பாள்.

ஆனைக்குட்டி ரப்பர் தோட்டத்தில் அவளுக்குப் புல்வெட்டு வேலை. சேலைக்கு மேலே புருஷனின் பழைய காக்கிச் சட்டை, காலில் சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கிய கேன்வாஸ் ஷூ, கக்கத்தில் கறுப்புக் குடை. மழைக்கு அந்தக் குடையை அவள் விரிப்பதில்லை. எதிரே மாடு வந்தால் மட்டும் படாரென்று விரிப்பாள். ஓய்வு நாளில் புருஷன் கள்ளுக்கடைக்குப் போவார், அவள் பஸ் ஏறுவாள். இருவரும் சாயங்காலம் ஒரே அளவு மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார்கள்.

ஊரே கொண்டாடும் இடங்களெல்லாம் அவளுக்கு ஆகாது. மலாக்காவின் பழைய கோட்டை வாசலை ஒருதரம் பார்த்திருக்கிறாள். "கதவு இல்லாத வாசப்படி. இந்தப் பக்கம் நொழஞ்சா அந்தப் பக்கம் வருது. அதுக்குப் போட்டோ வேற புடிக்கிறானுங்க." தஞ்சோங் கிளிங் கடற்கரையைப் பற்றிக் கேட்டால், "கடல் நல்லாத்தான் இருந்திருக்கும். முன்னால நின்னவங்க மறைச்சிட்டாங்க" என்பாள். திருவிழாவுக்குப் போனாலும் இதே புலம்பல்தான்: "சாமியப் பாக்கப் போயி அத்தன பேரு முதுகையும் பாத்துட்டு வந்தேன். முதுகுக்கா சூடம் கொளுத்துனேன்?"

யாரும் இறங்காத ஸ்டாப்பில் இறங்கி அவள் பார்த்தவை பல. ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டை ஒன்று, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் தண்ணீரோடு. இன்னொரு ஸ்டாப்பில் ஒரு மரமும் ஓர் எருமையும் தவிர வேறெதுவும் இல்லை. கூடப் போன கருப்பாயி தலையில் கைவைத்துக்கொண்டாள். பெரியநாயகி மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து சாயங்காலம்வரை அந்த எருமையைப் பார்த்துவிட்டு, "நல்ல எரும" என்று எழுந்தாள்.

வெந்நீர் ஊற்றைக் கண்டதும் இப்படித்தான். கம்பம் என்று சொல்லும் மலாய்க் கிராமம் ஒன்றைத் தாண்டி, நாணல் புதருக்குள், பாறை இடுக்கிலிருந்து ஆவி பறக்கத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவளும் கருப்பாயியும் அதே தோட்டத்து இருசம்மாளும் வாரம் தவறாமல் போனார்கள். கம்பத்து மலாய்க்காரம்மாவிடம் முட்டை வாங்கி, துணியில் கட்டி ஊற்றுக்கண்ணில் விடுவார்கள். கருப்பாயி தன் மாமியார் கதையைச் சொல்லி முடித்தால் முட்டை அரைவேக்காடு. இருசம்மாள் ஆரம்பித்தால் முழுவேக்காடு.

அது காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சர்க்காருக்கும் சண்டை மூண்டிருந்த அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதால் வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூட வெளியே போக முடியாது. வாசல் காவலில் இருந்தான் தனபாலன். துப்பாக்கி புதுசு, மீசையும் புதுசு. அவனுக்கு இந்த மூன்று பெண்கள்மேல் ஒரு கண். வெறுங்கையோடு போகிறார்கள், ஏப்பம் விட்டுக்கொண்டு வருகிறார்கள். யார் சோறு போட்டது?

ஒருநாள் அவர்கள் உள்ளே நுழையும்போது காற்று அவன் பக்கம் வீசியது. ஈரச் சேலையில் கந்தக நாற்றம்! கந்தகம் என்றால் வெடிமருந்து. தனபாலன் அன்றே சைக்கிளை மிதித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

மறுநாள் மூவரையும் லாரியில் ஏற்றினார்கள். கருப்பாயியையும் இருசம்மாளையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பெரியநாயகியை மட்டும் இன்ஸ்பெக்டர் ஆனந்தராஜாவின் அறைக்குள் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். நெடுநெடுவென்ற ஆள். மூட்டுவலியால் ஒரு காலை நாற்காலிக்கு வெளியே நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"உண்மையைச் சொல்லு. பஸ் ஏறி எங்க போறனீ?"

"யாரும் போவாத எடத்துக்குங்க."

"அங்க என்ன இருக்கு?"

"ஒன்னும் இல்லீங்க."

"ஒண்டும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போறனீ?"

"ஒன்னும் இல்லாததனாலதாங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கந்தக வாசனையைப் பற்றிக் கேட்டார். அது தண்ணீரின் வாசனை என்றாள். எந்தத் தண்ணீர், எங்கே இருக்கிறது என்றார். பெரியநாயகி வாயைப் பூட்டிக்கொண்டாள். அவர் அதட்டவே, மெல்லத் திறந்தாள்.

"சொன்னா என்னாவும் தெரியுங்களா? இன்னிக்கு நீங்க வருவீங்க. நாளைக்கு ஒங்க வீட்டம்மா வருவாங்க. அடுத்த மாசம் ஐஸ் வண்டி வந்துரும். ஐஸ் வண்டி வந்த எடம் எதாவது உருப்பட்டிருக்கா?"

"உன்னைக் கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிப்போடுவன். விளங்குதோ?"

அவள் இந்த மண்ணில் பிறந்தவள். இந்தியாவைக் காலண்டரில்கூடப் பார்த்ததில்லை. "அங்க கூட்டம் ஜாஸ்திம்பாங்களே..." என்று சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் இப்படிக் கூட்டிப்போன ஒருவர் திரும்பி வரவே இல்லை. கதவுக்கு வெளியே கருப்பாயி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வீட்டில் அவளுக்குப் பால்குடி மறக்காத பிள்ளை.

தான் ஒருத்தியாக இருந்திருந்தால் பெரியநாயகி இன்னும் கொஞ்சம் இழுத்திருப்பாள்.

"காட்டுறேன். ஆனா இந்த லாரி, பூட்ஸ் கூட்டமெல்லாம் ரோட்டோட நிக்கணும். உள்ள நீங்க ஒருத்தர்தான்."

இன்ஸ்பெக்டரின் கை தன்னையறியாமல் துப்பாக்கி உறையைத் தொட்டது. "உள்ளுக்கு எனக்காக ஆரும் காத்துக்கொண்டிருப்பினமோ?"

"கொசு இருக்கும். நான் முன்னால நடக்குறேன். சுட்டா எனக்குத்தானே மொதல்ல?"

அப்படியே நடந்தது. மலாய்க் கான்ஸ்டபிள்களும் மற்ற இரு பெண்களும் லாரியோடு ரோட்டில் நின்றார்கள். கம்பத்தைக் கடக்கும்போது வழக்கம்போல முட்டை விற்க மலாய்க்காரம்மா வேலியோரம் வந்தாள். போலீஸ்காரரைப் பார்த்து மிரண்டவளிடம் பெரியநாயகி, "தாப்பா, தாப்பா", ஒன்றுமில்லை என்று மலாயில் தைரியம் சொல்லி, நாலு முட்டையை முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

நாணலை விலக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ஆனந்தராஜா துப்பாக்கியை உருவிக்கொண்டு புதரைச் சுற்றினார். பாறைக்குப் பின்னால் பார்த்தார். ஒரு தவளை குதித்தது. விரலைத் தண்ணீரில் விட்டு, வெடுக்கென்று எடுத்து, முகர்ந்து பார்த்தார். கந்தகம்தான்.

"கால வைங்கய்யா. ஊத்துக்கண்ணுக்கிட்ட வேணாம், சுட்டுரும். இந்த ஓரமா."

"விசாரணைக்கு வந்தனான். குளிக்க வரேல்ல."

"காலுக்கு எதுங்க விசாரண?"

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாணல் மறைத்திருந்தது. தொப்பியைக் கழற்றிப் பாறைமேல் வைத்தார். பூட்ஸைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று. கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, பல்லைக் கடித்தபடி அங்குலம் அங்குலமாகக் காலை இறக்கினார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது எந்த மொழியும் இல்லை. எருமை சேற்றில் படுக்கும்போது விடுமே, அந்த மாதிரி ஒரு மூச்சு.

ரோட்டிலிருந்து ஒரு கான்ஸ்டபிள், உள்ளே என்ன இருக்கிறது என்று மலாயில் குரல் கொடுத்தான்.

"தக் அடா அபா-அபா!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். ஒன்றுமே இல்லையாம். "நீங்கள் அங்கயே நில்லுங்கோ!" என்று தமிழிலும் கத்திவிட்டு, அது அவர்களுக்குப் புரியாதென்பதுகூட நினைவில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியநாயகி அவரை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை அவிழ்த்தாள். பாறை வழுக்குகிறது, முட்டையை எங்கே வைத்தாலும் உருளும். இடமும் வலமும் தேடினாள். பிறகு, பக்கத்தில் கிடந்த இன்ஸ்பெக்டரின் தொப்பியை மல்லாத்திப் போட்டு, ஒவ்வொரு முட்டையாக அதற்குள் அடுக்க ஆரம்பித்தாள்.