பிடி என்றார், பிடித்தான்

காலை ஏழு மணி பத்து நிமிடம். சாமுண்டி மலையிலிருந்து இறங்கும் சாலையில், நந்தி சிலைக்குப் பிரியும் வழிக்குச் சற்றுக் கீழே, நான் முதலில் பார்த்தது விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு. வரிசையாகத் துளை போட்டது. தாரில் வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதைத் தாண்டி ஒரு சைக்கிள். அதையும் தாண்டி, ஓரச் சுவரின் அடியில், என் தம்பி.

சென்ற ஆண்டு தசரா முடிந்த அடுத்த ஞாயிறு அது. நாங்கள் மைசூரில் விஜயநகரில் இருக்கிறோம். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா ரயில்வே வேலைக்காக வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அவருக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஞாயிறுதோறும் அவரும் நண்பர்களும் ஒரு குழுவாகச் சைக்கிளில் மலை ஏறுவார்கள். தண்ணீர், வாழைப்பழத்தோடு நான் காரில் பின்னால் போவேன்.

இந்தக் குழுவில் எல்லோருக்கும் ஒரே வியாதி: சைக்கிளின் எடையைக் குறைப்பது. தன் உடம்பில் ஒரு கிலோ குறைப்பதைவிட சைக்கிளில் பத்து கிராம் குறைப்பதுதான் அவர்களுக்குப் பெருமை. கடையில் கிடைக்கும் லேசான பாகங்கள் போதாது என்று என் கணவர் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார். கார் ஷெட்டில் டிரில்லிங் மெஷின் வந்தது. சீட் கம்பியை அறுத்தார். பல்சக்கரத்தில் துளை போட்டார். சமையலறைத் தராசில் ரவையைவிட போல்ட்டும் நட்டும்தான் அதிகம் ஏறின. கடைசியில் பிரேக் லிவருக்கு வந்தார். விரல்களால் இழுத்துப் பிடிக்கிறோமே, அந்தக் கைப்பிடி. அதில் வரிசையாகத் துளை போட்டுப் பாலிஷ் செய்தால் பார்க்க நகை மாதிரி இருக்கும். தனக்கு ஒரு ஜோடி செய்துகொண்டார். குழுவில் மூன்று பேர் ஆசைப்பட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கும் செய்து கொடுத்தார். அந்த மூவரில் ஒருவர் குழுவின் மூத்தவரான பல் மருத்துவர். துளை போடுவது அவருக்கும் தொழில்தான்.

என் தம்பி சேலத்திலிருந்து வங்கி மாற்றலில் அப்போதுதான் மைசூருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். கன்னடம் சுத்தமாகத் தெரியாது. அவனுடைய மாமாவான என் கணவர் தன் பழைய சைக்கிளைப் புதுப்பித்து, இந்த லிவரையும் பூட்டி அவனுக்குக் கொடுத்தார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றுதான் அவன் முதன்முதலாக மலையிலிருந்து இறங்கினான்.

இறக்கத்தில் பயந்துபோய் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறான். அப்படி அழுத்தினால் சக்கரம் சூடாகும். விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டுமாம். பின்னால் வந்த பல் மருத்துவர் அதற்காகக் கத்தியிருக்கிறார்: "பிரேக் பிடி! பிரேக் பிடி!"

கன்னடத்தில் அதற்கு "விடுங்கள்" என்று பொருள். பிடிப்பதற்கு அவர்கள் ஹிடி என்பார்கள். நம் பிடிக்கும் அவர்கள் பிடிக்கும், முதல் எழுத்தை 'பஸ்'ஸில் வருவதுபோல் கொஞ்சம் அழுத்தி உச்சரிப்பதுதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் அதுவும் இல்லை; இரண்டுக்கும் ஒரே எழுத்து. தம்பி அவர் சொன்னபடியே செய்தான். இன்னும் இறுக்கிப் பிடித்தான். வலது லிவர் உடைந்து கையோடு வந்தது. சைக்கிள் திரும்பிச் சுவரில் மோதியது. காறை எலும்பு முறிந்தது. முன்பல் இரண்டு போயின.

நான் போனபோது என் கணவர் அவன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். மருத்துவமனைக்கு அவர்தான் காரை ஓட்டினார். அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. கிளம்புவதற்கு முன் சாலையில் கிடந்த துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது.

அன்று மாலையே அது ஒரு நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. பார்க்க வந்த பல் மருத்துவர் கட்டில் ஓரத்தில் நின்று, ஹிடிக்கும் பிடிக்கும் நடுவே ஒரு தமிழன் எப்படிப் பல்லை விட்டான் என்று நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும். போகும்போது அந்த மருத்துவர் தம்பியின் தோளைத் தட்டி, "ஹல்லு நன்கெ பிடி" என்றார். பல்லை என்னிடம் விட்டுவிடு என்று அர்த்தம். அதற்கும் ஒரு சிரிப்பு.

தம்பி சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "என்னாலதான் அக்கா. பாஷை தெரியாம இவங்களோட போனது தப்பு. மாமா சைக்கிளும் வீணாப்போச்சு." வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டான். படுக்கையில் கிடந்தபடியே கைப்பேசியில் கன்னடம் படிக்க ஆரம்பித்தான்.

நான் கல்யாணத்துக்கு முன் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தவள். ஒரு வாக்கியத்தில் செய்தவரைக் காணவில்லை என்றால் எனக்கு அங்கேயே கண் நிற்கும். "லிவர் உடைந்துவிட்டது", "வார்த்தை மாறிவிட்டது", "விபத்து நடந்துவிட்டது" என்று எல்லாமே தானாக நடந்ததாகத்தான் வீட்டில் பேச்சு. பையிலிருந்த துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கீல் பக்கமாக இருந்த முதல் துளையின் வழியாக உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் பாதி புது வெள்ளி மாதிரி பளபளத்தது. மீதிப் பாதி கறுத்து மங்கியிருந்தது. அந்தப் பாதி அன்று உடைந்ததல்ல. முன்பே விரிசல் விட்டு, அழுக்கு ஏறிப்போனது.

கணவரிடம் காட்டினேன். தொழிற்சாலையில் இப்படி ஒரு துண்டு வந்தால் அந்த லாட் முழுவதையும் திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்கக் கூடாது."

"பிரேக்கை இறுக்கிப் பிடிக்காம வேற எதைப் பிடிக்கிறது?"

"இங்க பாரு, பாஷைக் குழப்பம் அது. ஊருக்கே தெரியும். நீ இதைப் போய்ப் பெரிசு பண்ணாதே."

மற்ற மூன்று பேருக்குமாவது சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு அவர்கள் மறுபடியும் மலை ஏறப் போகிறார்கள் என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கேட்டேன். தினமும் "சொல்றேன்". குழுவின் வாட்ஸ்ஆப்பில் வந்ததோ வேறு: புது உறுப்பினர்களுக்கு இலவசக் கன்னட வகுப்பு, முதல் பாடம் ஹிடி, இரண்டாம் பாடம் பிடி. அதற்குக் கீழே என் கணவர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை, தண்ணீர் கேன் எடுக்க ஷெட்டுக்குப் போனேன். அவருடைய சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதில் துளை போட்ட லிவர் இல்லை. கம்பெனியிலிருந்து வந்த பழைய கறுப்பு லிவர் பூட்டியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியும் என்று தோன்றவில்லை. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். விபத்து நடந்த அன்று, மருத்துவமனையிலிருந்து வந்தவுடனேயே என்றார். சும்மா, ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தானாம். அதாவது, கட்டிலருகே சிரித்துவிட்டு வந்து, முதல் வேலையாகத் தன் உயிரைப் பத்திரப்படுத்திக்கொண்டிருக்கிறார். என் தம்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் இந்தக் கறுப்பு லிவர் எங்கள் வீட்டு ஷெட்டில்தான் இருந்திருக்கிறது.

வாழைப்பழம் கொண்டுபோகிறவள் என்பதால் அந்தக் குழுவில் நானும் உண்டு. உடைந்த முகத்தைப் படம் எடுத்துப் போட்டு, கன்னடத்தில் எழுதினேன்: "இந்த லிவரில் என் கணவர் துளை போட்டார். அந்தத் துளையில்தான் உடைந்தது. இதே லிவரை அவர் உங்களில் மூவருக்குக் கொடுத்திருக்கிறார். தன் சைக்கிளிலிருந்து அவர் கழற்றிவிட்டார். நீங்களும் கழற்றுங்கள்."

கணவர் படித்தார். "என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டே" என்றார். அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் அழி என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து, நான் கேட்காமலேயே, தம்பியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. அதன் பிறகு தம்பி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கன்னடப் பாடம் மட்டும் நிற்கவில்லை.

இன்றைக்கும் ஒரு செய்தியில் "எதிர்பாராத விதமாக" என்று படித்தால், யார் எதிர்பார்க்கவில்லை என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன். கோபம் தணிந்ததா என்று கேட்டால், இல்லை. தணிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

லிவர் வாங்கியவர்களில் இருவர், நான் படம் போட்ட அன்று மாலையே வீட்டுக்கு வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பல் மருத்துவர் குழுவிலேயே பதில் போட்டார்: "நாவு கன்னடதவரு மேடம். நமகெ பிடி அந்த்ரே அர்த்த ஆகுத்தே." நாங்கள் கன்னடக்காரர்கள், எங்களுக்குப் பிடி என்றால் புரியும் என்று.

போன ஞாயிறும் அவர் அதே லிவரோடுதான் மலையிலிருந்து இறங்கினார்.